புள்ளி அணைந்தபோது

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் என் வேலை, சுடுபவர்களுக்குப் பின்னால் நிற்பது. விசையை யார் வெடுக்கென்று இழுக்கிறார்கள் என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அன்று பயிற்சிக்கு வந்த ஒருவர் பாதியில் நிறுத்திவிட்டு, ரைபிளை இலக்குப் பக்கமே பிடித்தபடி சொன்னார்: "சார், புள்ளியைக் காணோம்."

அவர் ரைபிளில் இருந்தது ரெட் டாட், அதாவது கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டிக் குறிபார்க்க உதவும் சைட். அதன் பேட்டரி தீர்ந்திருந்தது. "இரும்பு சைட்டை நிமிர்த்திச் சுடுங்க" என்றேன். பேட்டரி வேண்டாத, மடக்கி வைத்திருக்கும் சாதாரணக் குறி அது. 50 மீட்டரில் ஐந்து தோட்டா. ஐந்தும் நெருக்கமாகத்தான் விழுந்திருந்தன, ஆனால் மையத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வலப்பக்கம் கீழே. அவர் கையில் குறையில்லை. ரெட் டாட்டைப் பொருத்திய அன்று அதை மட்டும் ஜீரோ செய்துவிட்டு, அதாவது குறிவைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி சரிசெய்துவிட்டு, இரும்பு சைட்டை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன் நான்தான். அந்த நாளை வரவேயில்லை.

நல்ல ரெட் டாட்டில் பேட்டரி 50,000 மணி நேரம்கூட வரும். கணக்குப் போட்டால் ஐந்தரை வருடத்துக்கு மேல். ஒரு பொருளை மறந்துபோக அது தாராளமாகப் போதும். சில மாடல்களில் பேட்டரி அடிப்பக்கம் இருக்கும். மாற்றவே சைட்டைக் கழற்ற வேண்டும், கழற்றி மாட்டினால் மறுபடி சுட்டுச் சரிபார்க்க வேண்டும். எனக்கு அந்த அமைப்பு பிடிக்கவே பிடிக்காது.

இதற்கு நேர் எதிரான தொல்லையும் உண்டு. இரும்பு சைட்டில் பழகிக் கை தேர்ந்தவர்கள், புள்ளியைத் தூக்கி முன் சைட்டின் நுனியில் உட்காரவைத்த பிறகுதான் சுடுவார்கள். அது தேவையில்லை. புள்ளி கண்ணாடியின் ஓரத்தில் தெரிந்தாலும், இலக்கின் மேல் இருந்தால் போதும். தோட்டா போகும் இடம் பெரிதாக மாறாது. இரும்பில் பின் சைட், முன் சைட், இலக்கு என்று மூன்று தூரம். கண் முன் சைட்டில்தான் நிற்க வேண்டும். ரெட் டாட்டில் இரண்டு கண்ணையும் திறந்து இலக்கையே பார்க்கலாம். வேகம் அங்கேதான் கிடைக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கோர்த்தால் அந்த வேகமும் போச்சு.

அன்று மதியமே இரும்பு சைட்டைத் தனியாகச் சுட்டு ஜீரோ செய்தேன். புள்ளியைப் பார்த்து அதற்கு நேராக இரும்பைத் திருகிவிடும் குறுக்குவழி என்னிடம் இல்லை. அப்புறம் திருகுகளின் மேல் வெள்ளை பெயின்டில் ஒரு கோடு. கோடு விலகினால் திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த மதியம் இன்னொன்றும் நடந்தது. என் சொந்த ரைபிளில் புள்ளி எனக்கு எப்போதும் வால் முளைத்த காற்புள்ளி மாதிரிதான் தெரியும். சைட்தான் பழுது என்று திருப்பி அனுப்பப் பெட்டிகூட எடுத்து வைத்திருந்தேன். எதற்கும் பார்ப்போம் என்று பின் சைட்டை நிமிர்த்தி, அதன் சின்னத் துளை வழியாகப் பார்த்தேன். வால் காணாமல் போய், உருண்டையாக ஒரு புள்ளி. பழுது என் கண்ணில். பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, கண் மருத்துவரிடம் நேரம் கேட்டேன்.