இருநூறு பேர்

ஜனவரி 2, 2025, வியாழன்

பட்டியலில் எங்கள் ஊர் இருக்கிறது. 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளைச் சேர்க்கப் போகிறார்களாம். அந்த 149-இல் நாங்களும் ஒன்று. கொழுந்தனார் வாட்ஸப்பில் பட்டியலை அனுப்பி, கீழே பட்டாசுப் படம் போட்டிருந்தார். மூன்று தடவை படித்தேன். ரேஷன் கார்டில்கூட எங்கள் ஊர்ப் பெயரைத் தப்பாகத்தான் அடித்திருப்பார்கள். இதில் ஓர் எழுத்துப் பிழை இல்லை.

அப்பாவின் காலுக்கு மருந்து மாற்றினேன். சுண்டுவிரல் பக்கம் கறுப்பு பரவவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

ஊரில் ஒருத்தரைக்கூடக் கேட்கவில்லை. இதையே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் போல. "போதும்மா" என்றார் அப்பா.

ஜனவரி 5, ஞாயிறு

இன்றோடு என் வார்டு மெம்பர் பதவி முடிந்தது. 2020 ஜனவரி 6-ஆம் தேதி உறுதிமொழி எடுத்தபோது கட்டியிருந்த சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன்.

ஐந்து வருடம், அதற்கு மேல் இல்லை. அரசமைப்புச் சட்டம் 243இ அப்படித்தான் சொல்கிறது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அதே பிரிவு, அந்த ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்களை வீட்டுக்கு அனுப்பும் வரி மட்டும் செல்லுபடியாகிறது. அடுத்த வரி ஏன் ஆகவில்லை? 28 மாவட்டங்களில் நாளையிலிருந்து தனி அலுவலர்கள். ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள் ஒருத்தர்கூட இல்லாத நேரத்தில்தான் ஊரையே இன்னொன்றோடு சேர்க்கும் பேச்சு வருகிறது.

சாயங்காலம் கிராம சபைத் தீர்மானப் பதிவேட்டைக் கடைசியாக ஒருமுறை புரட்டினேன். நீள நோட்டு, காலிகோ அட்டை, முனையில் எண்ணெய்க் கறை. தீர்மானம் எழுதி முடித்த இடத்துக்கும் கையெழுத்து ஆரம்பிக்கும் இடத்துக்கும் நடுவே பல பக்கங்களில் ஏழெட்டுக் கோடுகள் காலியாகக் கிடக்கின்றன. சில பக்கங்களில் அப்புறமாக வேறு மையில் எழுதி நிரப்பியிருக்கிறார்கள். அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வெயிலில் நின்றுகொண்டு போட்டுவிடுவோம்.

அந்தக் காலிக் கோடுகள் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று மதுரைக்கு நடந்தே போயிருக்கிறார்கள். டிவியில் பார்த்துக்கொண்டே துணி வெட்டியதில் ஒரு ஜாக்கெட் கை அளவு தப்பிப் போச்சு.

ஜனவரி 8, புதன்

தூக்கம் வராத ராத்திரிகளில் அப்பா பேசிக்கொண்டே இருப்பார். நேற்று 1962 தேர்தல். தாத்தா இந்த வீட்டுச் சுவரில் காவிக்கட்டியால் நட்சத்திரம் வரைந்தாராம், ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்கு. ஊரே சிரித்ததாம். ஜெயிக்க மாட்டார்கள் என்று தாத்தாவுக்கும் தெரியுமாம். "அவங்களுக்கு ஏன் போட்டாரு?" என்றேன். விளைந்த நெல்லை வண்டியேற்றி வெளியே கொண்டுபோக பர்மிட் கேட்டு, ஆபீஸ் திண்ணையில் நாலு நாள் உட்கார்ந்திருந்தாராம். "என் நெல்லு, என் மாடு, என் வண்டி. இதுல அவன் எங்கடா வந்தான்னு கேட்டாரு" என்றார் அப்பா.

லைசென்ஸ், பர்மிட், கோட்டா என்று ராஜாஜி அடுக்கியதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரியாகப் படித்திருக்கிறேன். எங்கள் திண்ணைக் கதையும் அதுதான் என்று இந்த வயதில்தான் தெரிகிறது.

ஜனவரி 9, வியாழன்

இருநூறு. ஊர் மக்கள்தொகை மூவாயிரத்தைத் தாண்டிவிட்டதால் குறைவெண் வரம்பு இருநூறு பேர். மூவாயிரத்துக்குள் இருந்திருந்தால் நூறு போதும். இணைப்பை எதிர்த்துத் தீர்மானம் போட, 26-ஆம் தேதி கிராம சபையில் 199 பேர் வந்து உட்கார்ந்தாலும் அது கூட்டமே இல்லை.

போன தடவை நிஜமாக வந்தவர்கள் எழுபது இருக்கலாம். நோட்டில் 231 கையெழுத்து.

ஜனவரி 11, சனி

தெற்குத் தெருவுக்குப் போனேன். நான் அக்கா என்று கூப்பிடுபவள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு கிரைண்டரை நிறுத்தினாள்.

"ஊராட்சி போனா ஊருக்கு நஷ்டம்ங்கிற மெம்பரு. எங்களுக்கு என்ன நஷ்டம், அதச் சொல்லு."

நூறு நாள் வேலை போகும், வீட்டு வரி ஏறும், எழுந்து நின்று கணக்குக் கேட்க நகரத்தில் கிராம சபை கிடையாது என்றேன்.

"இப்ப மட்டும் நாங்க எந்திரிச்சு நிக்கிறோமா?"

பதில் சொல்ல முடியவில்லை. அவள் மகன் சட்டக் கல்லூரியில் படிக்கிறான். உள்ளேயிருந்து வந்து அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசியதைச் சொன்னான். கிராமம் என்பது என்ன, அறியாமையின் குகை, குறுகிய ஊர்ப்பற்றின் சாக்கடை என்று கேட்டாராம். அரசமைப்பின் அலகாகக் கிராமத்தை விட்டுத் தனிமனிதரை எடுத்துக்கொண்டதில் தனக்கு மகிழ்ச்சி என்றாராம். எனக்கும் தெரிந்த பேச்சுதான். பயிற்சி வகுப்பில் அதைத் தாண்டி வேகமாகப் போய்விடுவார்கள், அடுத்த பக்கத்துக்கு. அதே மாதம் 22-ஆம் தேதி கே. சந்தானம் திருத்தம் கொண்டுவந்தார், அம்பேத்கரும் ஏற்றுக்கொண்டார், அதுதான் இன்றைய 40-ஆவது பிரிவு, ஊராட்சிகளுக்கு அடித்தளம். அதை அவனிடம் சொன்னேன். "ஏத்துக்கிட்டாரு. சொன்னத வாபஸ் வாங்கலையே" என்றான்.

வரும் வழியெல்லாம் மேலவளவு ஞாபகம். ஊராட்சித் தலைவரான ஒரே காரணத்துக்காக, தலித்தான முருகேசனை 1997 ஜூன் 30-இல் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள், கூட இருந்தவர்களையும். தலைவர் பதவி தலித்துகளுக்கு என்று ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரை தேர்தலையே முறையாக நடத்த விடவில்லை. அதுவும் ஊரின் ஆட்சிதானே? ஊர் கேட்கும் சுதந்திரத்தை ஊருக்குள் யார் யாருக்குக் கொடுத்திருக்கிறோம்? இதை ஒதுக்கி வைத்துவிட்டு 26-ஆம் தேதி மைக்கைப் பிடிக்க எனக்கு வாய் வராது. ஐந்து வருடம் மெம்பராக இருந்தேன். அக்கா ஒரு தடவைகூட ஏன் எழுந்து நிற்கவில்லை என்று நான் கேட்டதே இல்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் வடக்கே பொங்கியது. அவர் போன் செய்தார், லைன் சரியில்லை.

ஜனவரி 16, வியாழன்

கொழுந்தனார் வந்து கரும்பு கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். "மதினி, பாதாளச் சாக்கடை வரும், குடிதண்ணி வரும், ரோடு வரும். சென்ட் என்ன விலை போகும்னு தெரியுமா? உங்க இடத்துக்கும் சேத்துத்தான்." அவர் சொல்வதில் பொய் இல்லை. ரோடு வரலாம். வேண்டும் என்பவர் அதை சபையில் எழுந்து சொல்லட்டும், கை தூக்கட்டும், எண்ணுவோம் என்றேன். "எண்ணி என்ன ஆகப்போகுது?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

எண்ணி என்ன ஆகப்போகுது. தீர்மானம் போட்டால் இணைப்பு நின்றுவிடுமா என்று எனக்கே தெரியாது. 243அ-வை எடுத்துப் படித்தால், கிராம சபைக்கு என்ன அதிகாரம் என்பதை மாநிலச் சட்டமன்றம் தீர்மானிக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். "லாம்". ஊராட்சிகளின் அதிகாரத்தைச் சொல்லும் 243ஜி-யிலும் அதே "லாம்". இந்த "லாம்"மைத்தான் முப்பது வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறோம்.

ஜனவரி 17, வெள்ளி

தீர்மானத்தை எழுதினேன். முதலில் வந்த வரி: "எங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்க வேண்டாமென்று இந்தக் கிராம சபை தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறது."

தாழ்மையுடன் என்பதை அடித்தேன். கேட்டுக்கொள்கிறது என்பதும் உறுத்தியது. அது மனு பாஷை. பென்ஷனுக்கும் பட்டாவுக்கும் எழுதிப் பழகிய கை இது. ராத்திரி பதினோரு மணிக்கு வந்து நின்ற வரி: "இணைக்கும் முடிவை இந்தக் கிராம சபை ஏற்கவில்லை." அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

ஜனவரி 19, ஞாயிறு

ஆட்டோவில் மைக் வைத்து அறிவிப்பு வந்தது. கூட்டம் அம்மன் கோயில் மண்டபத்தில்!

ஜனவரி 20, திங்கள்

மத வளாகத்தில் கிராம சபை கூட்டக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் சுற்றறிக்கையிலேயே வருகிறது. தெரிந்தும் ஐந்து வருடம் அங்கேயேதான் உட்கார்ந்தோம். நிழல் இருக்கிறது, ஃபேன் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டோம். தெற்குத் தெருக்காரர்கள் வெளியே வேப்ப மரத்தடியில் நிற்பார்கள். மைக் சத்தம்தான் கேட்கிறதே என்போம்.

காலை எட்டு மணி பஸ். அலுவலகத்தில் பதினொன்றரைக்குத்தான் ஆள் வந்தார். "இத்தன நாள் இல்லாத பிரச்சனை இப்ப எதுக்கும்மா?" என்றார். சுற்றறிக்கையின் அந்த வரியில் அடிக்கோடு போட்டு மேஜையில் வைத்தேன். மேலே எதுவும் பேசவில்லை, உட்கார்ந்திருந்தேன். தாத்தா நாலு நாள் உட்கார்ந்தார். எனக்கு மூன்று மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூட மைதானம்.

சாயங்காலம் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "வெயிலா இருக்குமே" என்றாள். ஷாமியானாவுக்குச் சொல்லியிருக்கிறேன் என்றேன்.

ஜனவரி 22, புதன்

இதுவரை வருவதாகச் சொன்னவர்கள் 134. சொன்னவர்கள் எல்லாரும் வர மாட்டார்கள்.

ஜனவரி 23, வியாழன்

டங்ஸ்டன் ஏலத்தை ரத்து செய்துவிட்டார்கள்! மத்திய அரசே அறிவித்திருக்கிறது. ஊர் ஊராகத் தீர்மானம் போட்டு, நடந்து, கடையடைத்து வாங்கியிருக்கிறார்கள். அரிட்டாபட்டியில் பெண்கள் குலவையிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எண்ணி என்ன ஆகப்போகுது என்றவருக்கு அந்த வீடியோவை அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

ஜனவரி 24, வெள்ளி

168.

ஜனவரி 25, சனி

அப்பாவுக்குக் காய்ச்சல். கால் வீங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் திங்கட்கிழமை பார்த்துக்கலாம் என்கிறார். "நாளைக்கு நானும் ஒரு ஆளு. சேர் போட்டு ஒக்கார வை" என்கிறார்.

ஜனவரி 26, ஞாயிறு

212.

நானே எண்ணினேன், இரண்டு தடவை. அப்பா முன்வரிசையில், காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு. தெற்குத் தெருவிலிருந்து அறுபதுக்கு மேல் வந்து ஷாமியானாவுக்குள்ளே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இதை எழுதும்போது கை நிற்கவில்லை.

முதலில் வரவு செலவு. செயலர் வேகமாகப் படித்துக்கொண்டே போனார். "தெற்குத் தெரு போர்வெல் மோட்டார் பழுது, இரண்டு முறை" என்றதும் அக்கா எழுந்தாள். "ஒரு தடவகூட யாரும் வரலையே. நாங்க காசு போட்டுல்ல ரிப்பேர் பாத்தோம்? யாரு கையெழுத்துப் போட்டது?"

செயலர் என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

எழுந்தேன். நானும் போட்டிருக்கிறேன், காலியாக இருந்த இடத்துக்குக் கீழே, படிக்காமல் போட்டேன் என்றேன். மைக் வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு அமைதி. அந்தச் செலவுக்கு ரசீது கேட்டு ஒரு தீர்மானம் எழுத வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். அக்கா வழிமொழிந்தாள். உட்காரும்போது என்னைப் பார்க்கவில்லை.

அப்புறம் இணைப்பு. கொழுந்தனார் எழுந்து தெளிவாகப் பேசினார். சிலர் சத்தம் போட்டார்கள், பேச விடுங்கள் என்று அப்பா கைத்தடியைத் தட்டினார். ஏற்கவில்லை என்பதற்கு 187 கைகள். இணையலாம் என்பதற்கு 14. மீதிப் பேர் தூக்கவில்லை. அக்காவின் மகன் தூக்கவில்லை. அக்கா தூக்கினாள்.

செயலர் வழக்கப்படி "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதினார். இல்லை, பதினாலு பேர் வேண்டும் என்றார்கள், அதையும் எழுதுங்கள் என்றேன். "எதிரா இருந்தவங்களுக்காக நீங்களே பேசுறீங்களே" என்றார். அடித்துவிட்டு 187, 14 என்று எழுதினார். எழுத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே காலியாக இருந்த இடத்தில் ஸ்கேல் வைத்துக் குறுக்கே கோடு போடச் சொன்னேன். நான்கு பேர் போனில் படம் எடுத்த பிறகுதான் நோட்டை மூட விட்டோம்.

ஜனவரி 27, திங்கள்

ஆஸ்பத்திரி. சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள்.

ஜனவரி 30, வியாழன்

எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, நகல் வந்துச்சா.

பிப்ரவரி 3, திங்கள்

தீர்மான நகல் வரவில்லை. அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், எங்கே என்றால் மேலே என்கிறார்கள். மோட்டார் ரசீதும் வரவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி வைத்திருக்கிறேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் மட்டும் ஒட்ட வேண்டும்.

சாயங்காலம் அக்கா ஒரு துணிப்பையோடு வந்தாள். மோட்டாருக்கு அவர்கள் காசு கொடுத்த மெக்கானிக் கடைச் சீட்டு இரண்டு, எண்ணெய்க் கையோடு எழுதியது. ஒன்றில் தேதி அழிந்திருக்கிறது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தோம். 2023 என்பது தெரிகிறது, மாதம் தெரியவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

எட்டு மணி பஸ்ஸுக்கு அக்காவும் வருகிறாள்.