ஃபுல் இன்சூரன்ஸும் என் கையை விட்டுப் போன 14,000 ரூபாயும்

அலங்காநல்லூர் சாலையில் குறுக்கே வந்த மாட்டுக்காக ஒடித்துத் திருப்பி, காரைச் சாலையோர மைல்கல்லில் கொண்டுபோய் மோதினேன். யாருக்கும் காயமில்லை, மாடும் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டது. பக்கத்தில் இருந்த மச்சினன், "கவலைய விடுங்க மாமா, ஃபுல் இன்சூரன்ஸ்தான இருக்கு" என்றான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் 47,000 ரூபாய்க்கு பில் வந்தது. அதில் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 33,000 ரூபாய்.

ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபத்தோடு பாலிசிப் பத்திரத்தை முதல் முறையாக முழுதாகப் படித்தேன். ஏமாற்றவில்லை, கணக்கு சரியாகத்தான் இருந்தது. பம்பர் 9,000 ரூபாய். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி போன்றவற்றுக்கு எவ்வளவு புதிய வண்டியானாலும் பாதி விலையைத் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள் என்பதால் 4,500 போயிற்று. ஹெட்லைட்டும் பிளாஸ்டிக் கணக்கில் சேர்ந்து 8,000-இல் 4,000 போயிற்று. பானட் உலோகம்; அதற்கு வண்டியின் வயதைப் பார்ப்பார்கள். என் கார் நான்கு வயதைத் தாண்டி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்ததால், 10,000-இல் 35 சதவீதம் கழிந்தது. பெயின்ட் செலவு 8,000-இல் கால் பங்கைப் பொருள் விலையாக வைத்துக்கொண்டு, அதில் பாதியான 1,000 ரூபாயை எடுத்தார்கள். முன்கண்ணாடிக்கு மட்டும் தேய்மானமே கிடையாது. கூலியும் முழுதாகக் கிடைத்தது. கடைசியாக, 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளைமிலும் உரிமையாளரே ஏற்க வேண்டிய 1,000 ரூபாய். எல்லாம் கூட்டினால் சரியாக 14,000. 'பம்பர் டு பம்பர்' என்று ஏஜென்டுகள் சொல்லும், தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் பிரிவைக் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்திருந்தால், அந்தக் கடைசி 1,000 ரூபாயோடு தப்பித்திருப்பேன்.

நம் பக்கத்தில் ஃபுல் இன்சூரன்ஸ் என்று வழங்குவது, ஒரே பத்திரத்தில் அடங்கிய மூன்று தனித்தனிக் காப்பீடுகள்தான். முதலாவது மூன்றாம் நபர் காப்பீடு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் வண்டி சாலைக்கு வரக்கூடாது. முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நம் வண்டியால் இன்னொருவருக்கு உயிரிழப்போ காயமோ நேர்ந்தால், தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் இழப்பீட்டை உச்சவரம்பின்றி இது தரும். பிறர் சொத்துச் சேதத்துக்கு வரம்பு 7.5 லட்சம். நம் காருக்கு இதிலிருந்து ஒரு பைசா வராது. இரண்டாவது, என் பானட்டுக்குப் பணம் தந்த சொந்தச் சேதக் காப்பீடு. மூன்றாவது, உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு. கார் என் பெயரில் இருக்கிறது, பெரும்பாலும் ஓட்டுபவன் என் மகன். அவனுக்கு இந்த மூன்றாவது பொருந்தாது என்பதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றது.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் தெருக்களெல்லாம் தண்ணீரில் நின்றபோது, தெரிந்தவர் ஒருவருடைய கார் பாதிக் கதவு வரை மூழ்கிவிட்டது. வெள்ளச் சேதம் சொந்தச் சேதக் காப்பீட்டில் அடங்கும். ஆனால் அவர் தண்ணீர் வடிந்ததும், ஓடுகிறதா பார்ப்போம் என்று ஒரே ஒரு முறை சாவியைத் திருகினார். இன்ஜினுக்குள் புகுந்த தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் கனெக்டிங் ராடு வளைந்தது. அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் அல்ல என்று இன்ஜின் செலவை மட்டும் மறுத்துவிட்டார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இல்லாதவர்கள் சாவியைத் தொடாமல் வண்டியை இழுத்துச் செல்லச் சொல்வதே வழி.

கிளைம் வாங்கியதற்கு எனக்கு இன்னொரு விலையும் உண்டு. நான்கு ஆண்டுகள் கிளைம் இல்லாமல் ஓட்டியதற்காகச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கிடைத்துவந்த 45 சதவீதத் தள்ளுபடி அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யமாகிவிடும். மறுபடியும் 20 சதவீதத்திலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். மாட்டுத்தாவணியில் ஷேர் ஆட்டோ உரசிய சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் கேட்காமல் கைக்காசு போட்டுச் சரிசெய்வது லாபம் என்பது என் கருத்து.

போன வாரம் புதுப்பிக்க வந்த ஏஜென்டிடம் பம்பர் டு பம்பர் வேண்டும் என்றேன். ஆர்சியை வாங்கிப் பார்த்தவர், "அஞ்சு வருஷம் முடியுதே சார், பல கம்பெனியில அதுக்கு மேல தர மாட்டாங்க" என்றார். வேறு இரண்டு இடங்களில் விசாரித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார். பாலிசி முடிய இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன.