தினப்படி என்கிற ஒரு வரி

"சம்பளம் தருவார்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த விசா அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. நான் டேபிள் டென்னிஸ் நடுவர். பன்னாட்டு நடுவர் பேட்ஜ் வாங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. எந்த நாட்டு விசாவுக்குப் போய் நின்றாலும் பேச்சு சுற்றிச் சுற்றி இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

ஆட்டக்காரர் என்றால் அவர்களுக்குப் புரிகிறது. பார்வையாளர் என்றாலும் புரிகிறது. நடுவர் என்றால் வேலைக்கு வருகிறவரா, விருந்தாளியா? இரண்டுக்கும் இடையில்தான் நாங்கள் இருக்கிறோம். எங்களில் பெரும்பாலானோருக்குக் குடும்பம் நடப்பது வேறொரு வேலையால். அந்த வேலையில் லீவு சொல்லிவிட்டு நடுவராகப் போகிறோம். போட்டியை நடத்துகிறவர்கள் தங்க இடமும் சாப்பாடும் தருவார்கள். அப்புறம் கைச்செலவுக்குத் தினப்படி என்று ஒரு தொகை. அது சம்பளம் இல்லை. ஆனால் "பணம் வாங்குவீர்களா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாது, வாங்குகிறோம். நடுவராக இருக்கிற ஒருவர் ஓர் அதிகாரியிடம் அரைகுறை உண்மையைச் சொல்லக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதனால் அந்தப் பதில் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கையில் இருக்க வேண்டும்.

இதை நான் ஒரு போட்டியை இழந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

ஐரோப்பாவில் நடந்த போட்டி, அங்கே பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. பயணத்துக்கு 24 நாள் முன்னால் விண்ணப்பித்தேன். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னாலாவது கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. சாதாரணமாக 15 நாளில் முடிவு சொல்வார்கள். கூடுதல் விவரம் தேவைப்பட்டால் அதை 45 நாள் வரை நீட்டிக்கலாம். நான் முதல் வரியைப் படித்தேன், கடைசி வரியை மனதில் வைக்கவில்லை. 24 நாள் தாராளம் என்று நினைத்தேன்.

சிக்கல் அழைப்புக் கடிதத்தில் இருந்தது. நடுவர் பட்டியலில் என் பெயர் இனிஷியலோடு இருக்கும், கடிதத்திலும் அப்படியே அடித்திருந்தார்கள். பாஸ்போர்ட்டில் முழுப்பெயர். கடிதத்தில் போட்டி தொடங்கும் நாளும் முடியும் நாளும் மட்டும் இருந்தன. ஆனால் நடுவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும், விளக்கக் கூட்டம் இருக்கிறது. 'இவர் ஏன் முன்னாலேயே வருகிறார்?' என்ற கேள்விக்குக் கடிதத்தில் பதில் இல்லை. தினப்படி பற்றி ஒரு சொல்லும் இல்லை. திருத்திய கடிதம் வேண்டும் என்று தூதரகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. போட்டியை நடத்தியவர்கள் அரங்க வேலையில் மூழ்கியிருந்தார்கள். புதுக் கடிதம் வந்து சேர ஒன்பது நாள் ஆனது.

விசா கிடைத்தது. போட்டியின் இரண்டாம் நாள் கிடைத்தது.

கூரியர் உறையைப் பிரித்துப் பார்த்தேன். ஸ்டிக்கரில் என் பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் முழுசாக இருந்தது. அன்று சாயங்காலம் நேரலையைப் போட்டேன். மூன்றாம் மேசையில் வேறொருவர் வலையின் ஓரத்தில் அளவுகோலை வைத்து உயரம் பார்த்துக்கொண்டிருந்தார். 15.25 சென்டிமீட்டர். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் நாங்கள் செய்கிற வேலை அது. என் அளவுகோலும் மஞ்சள், சிவப்பு அட்டைகளும் நான் கட்டி வைத்த பையிலேயே இருந்தன. அந்தப் பையை அவிழ்க்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

அதற்குப் பிறகு அழைப்புக் கடிதம் விஷயத்தில் நான் மாறிவிட்டேன். அமைப்பாளர்கள் அனுப்புவதை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. நியமனம் வந்த அன்றே பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலோடு, என்ன எழுத வேண்டும் என்று ஒரு மாதிரியும் அனுப்பிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி. போட்டியின் பெயர், அரங்கம். போட்டித் தேதிகள் தனியாக, நடுவர்கள் வரவேண்டிய நாளும் கிளம்ப வேண்டிய நாளும் தனியாக. விமானச் செலவு யாருடையது, தங்குமிடம் யாருடையது. அப்புறம் அந்த ஒரு வரி: 'இவருக்கு ஊதியம் கிடையாது, தினப்படி மட்டும் வழங்கப்படும், இது வேலை ஒப்பந்தம் அல்ல.' தொகையையும் குறிப்பிடச் சொல்வேன். கீழே கையெழுத்துப் போடுகிறவரின் பதவியும், கூப்பிட்டால் எடுக்கிற தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். தூதரகத்தில் இருப்பவர்கள் உண்மையிலேயே அந்த எண்ணுக்குக் கூப்பிடுகிறார்கள்.

ஷெங்கன் விண்ணப்பத்தில் பயண நோக்கம் என்ற கட்டத்தில் 'விளையாட்டு' என்றே ஒரு தேர்வு இருக்கிறது. பல நடுவர்கள் அதை விட்டுவிட்டுச் சுற்றுலா என்று குறிக்கிறார்கள், சிலர் வணிகம் என்று. சுற்றுலா என்றால் சுலபமாகக் கிடைத்துவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கையில் போட்டிக் கடிதம், படிவத்தில் சுற்றுலா என்றால் இரண்டில் எது பொய் என்றுதான் பார்ப்பார்கள். விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போகிறவர்களிடம் நடத்தும் அமைப்பின் பெயரும் தங்கும் காலமும் உள்ள அழைப்பைத்தான் ஷெங்கன் விதியே கேட்கிறது. அது நம்மிடம் இருக்கிறது. மறைக்க எதுவும் இல்லை.

மற்றக் காகிதங்கள் எல்லாருக்கும் பொதுவானவைதான். ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, திரும்புகிற நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுகிற பாஸ்போர்ட். வேலை செய்யும் இடத்திலிருந்து லீவுக் கடிதம் வாங்கும்போது, எந்தத் தேதியில் நீங்கள் மறுபடி வேலைக்கு வரவேண்டும் என்பதை எழுதச் சொல்லுங்கள். திரும்பி வருவீர்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். பிரிட்டன் தன் வருகையாளர் விதிகளில் விளையாட்டு அலுவலர்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கனடாவில் பன்னாட்டு அமெச்சூர் போட்டிக்கு வரும் நடுவருக்கு வேலை அனுமதி தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. இதைப் படித்துவிட்டு விசாவே வேண்டாம் என்று நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும். வேலை அனுமதி வேறு, உள்ளே நுழைகிற விசா வேறு. முதலாவது வேண்டாம் என்பதால் இரண்டாவது தானாக வந்துவிடாது. அமெரிக்கா வழியாக விமானம் மாறிப் போகிற டிக்கெட்டிலும் கவனம் வேண்டும். விசா இல்லாமல் நுழைய முடியாத பாஸ்போர்ட் என்றால், அங்கே விமானம் மாறுவதற்கே விசா கேட்பார்கள். டிக்கெட்டை அமைப்பாளர்கள் போடுவதாக இருந்தால் எந்த வழி என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒலிம்பிக்குக்குப் போகிற நடுவர்களுக்கு இந்த அலைச்சல் குறைவு. ஒலிம்பிக் அடையாள அட்டையையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டினால் போட்டி நடத்தும் நாட்டுக்குள் விடவேண்டும் என்று ஒலிம்பிக் சாசனத்திலேயே இருக்கிறது. போட்டிக்கு ஒரு மாதம் முன்னாலிருந்து ஒரு மாதம் பின்வரை அது செல்லும். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச்சேர ஒரு நடுவர் அதற்கு முன் எத்தனை போட்டிகளில் உட்கார வேண்டும்! அந்தப் போட்டிகளுக்கெல்லாம் அவர் வரிசையில் நின்றுதான் விசா வாங்க வேண்டும்.

எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். பன்னாட்டு நடுவர் அடுத்த படிக்குப் போக, பன்னாட்டுப் போட்டிகளில் மேசையில் உட்கார்ந்து மதிப்பீட்டில் தேற வேண்டும். விசா இல்லாமலே பல நாடுகளுக்குள் போகக்கூடிய பாஸ்போர்ட் உள்ளவர், பத்து நாள் முன்னால் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவார். நமக்கு இரண்டு மாதம் வேண்டும். கடைசி நேரத்தில் ஓர் இடம் காலியானால் யாரைக் கூப்பிடுவார்கள்? சர்வீஸ் போடும்போது பந்து 16 சென்டிமீட்டர் எழும்பியதா என்று பார்க்கிற கண் எல்லா நாட்டுக்காரருக்கும் ஒன்றுதான். அந்தக் கண் மேசைக்கு வந்து சேருமா என்பதைப் பாஸ்போர்ட்டின் அட்டை தீர்மானிக்கிறது. விசா விதிகளை விளையாட்டுச் சங்கங்களால் மாற்ற முடியாது, சரி. நியமனக் கடிதத்தை மூன்று மாதம் முன்னால் அனுப்ப முடியும். விசா தேவைப்படும் நடுவர்களுக்கு முதலில் கடிதம் என்று ஒரு வரிசை வைக்க முடியும். வாய்ப்புக் கிடைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் இதை நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வாரம் ஓர் இளம் நடுவர் கூப்பிட்டாள். முதல் வெளிநாட்டு நியமனம், குரலில் அவ்வளவு சந்தோஷம். "கடிதம் வந்துடுச்சா? வந்திருந்தா அப்படியே படிம்மா" என்றேன். படித்தாள். பெயர் சரி, பாஸ்போர்ட் எண் சரி, வருகிற நாள் இருந்தது, கிளம்புகிற நாள் இருந்தது.

"தினப்படி?"

கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். "அது இல்லைக்கா."

அன்று ராத்திரியே இரண்டு பேரும் சேர்ந்து அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதினோம். மூன்றாம் நாள் புதுக் கடிதம் வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அவளுக்கு அப்பாயின்ட்மென்ட்.