பன்றியின் கொழுப்புத் திசு: 114 நாள் கருவில், மீதி வெளியில் (தேர்வுக்குப் படிக்கும் முறை)

மலேசியாவின் சுங்கை சிப்புட், பந்திங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கால்நடை அறிவியல் படிக்கப் போயிருக்கும் தம்பி தங்கைகளே, வினாத்தாளில் ‘திசு அடிபோஸ்’ (கொழுப்புத் திசு) என்று வந்தால் பயப்பட வேண்டாம். இந்தப் பாடத்தில் பெரும்பாலும் மதிப்பெண் போவது ஒரே இடத்தில்தான். கொழுப்பு உயிரணு உருவாவதையும் அதற்குள் கொழுப்பு நிறைவதையும் ஒன்றாக்கி எழுதிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேலை, காலமும் வேறு.

தாளில் ஒரு கோடு போட்டு 0, 114 என்று குறியுங்கள். சினைக்காலம் அவ்வளவு: மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். கோட்டின் நடுப்பகுதியில் தோலடியில் இரத்த நுண்குழாய்கள் கிளைவிடும். அவற்றை ஒட்டித்தான் முன்கொழுப்பு உயிரணுக்கள் (பின்னாளில் கொழுப்பு உயிரணுக்களாக மாறுபவை) கொத்தாகத் திரளும். குழாய் முன்னால், கொழுப்பு பின்னால். இந்த வரிசையை மாற்றாதீர்கள். உயிரணுவுக்குள் முதலில் பல சிறு துளிகள் தோன்றும். பிறகு அவை ஒன்றாகி, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளும்.

ஆனால் கருவில் கொழுப்பு அதிகம் நிறைவதில்லை. பன்றியின் நஞ்சுக்கொடி தாயின் கொழுப்பமிலங்களை மிகக் குறைவாகவே கடத்தும். அதனால் பிறக்கும்போது உடல் எடையில் 1 முதல் 2 விழுக்காடுதான் கொழுப்பு. கணக்காக எழுதிக் காட்டுங்கள்: 1.4 கிலோ குட்டியில் 14 முதல் 28 கிராம். நான்கு வாரத்தில் 7 கிலோ ஆகும் குட்டியில் சுமார் 15 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 1 கிலோ. இந்த இரண்டு எண்ணே பாதி விடை.

அடுத்த பொறி பழுப்புக் கொழுப்பு, அதாவது உடலுக்குச் சூடு தரும் கொழுப்பு. மனிதக் குழந்தைக்கும் எலிக்கும் படித்ததைப் பன்றிக்கு எழுதினால் தவறு. வெப்பம் தரும் யு.சி.பி.1 மரபணு பன்றியில் சிதைந்து கிடக்கிறது. குட்டி நடுங்கித்தான் சூடேற வேண்டும். அதற்கு எரிபொருள் ஈரலிலும் தசையிலும் உள்ள கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை. அது ஒரு நாளைக்குக்கூடத் தாங்குவது கடினம். சீம்பால் தாமதமானால் குட்டி சோர்ந்து விழுவது இதனால்தான். நமக்கு இதமான 24 பாகை தோட்டத்து இரவு, 34 பாகை கேட்கும் குட்டிக்குக் கடுங்குளிர். வெப்பநாட்டுக் கொட்டகையில் விளக்கு எதற்கு என்ற கேள்விக்கும் இதே விடை.

பிறந்தபின் பாலின் கொழுப்பு இரத்தம் வழியே நேராக உயிரணுவுக்குள் சேரும். பால் மறந்தபின் தீவன மாவுச்சத்திலிருந்து கொழுப்பு தயாராகும். அது ஈரலில் அல்ல, கொழுப்புத் திசுவிலேயே. கோழியில்தான் ஈரல், ஒப்பிட்டு ஒரு வரி எழுதுங்கள். முதல் சில மாதங்கள் கொழுப்பு உயிரணுக்களின் எண்ணிக்கையும் பருமனும் சேர்ந்தே கூடும், பிறகு பருமனே மேலோங்கும். தோலடிக் கொழுப்பு முந்தும், தசைக்குள் ஊடுருவுவது கடைசி. எண்ணிக்கையில் ஓர் எச்சரிக்கை: நிறையாத உயிரணு வழக்கமான எண்ணும் முறையில் அகப்படாது. ‘புதிதாக உருவான உயிரணு’ என்று தோன்றுவது ஏற்கெனவே இருந்து இப்போது நிறைந்ததாகவும் இருக்கலாம்.

பசாரில் பன்றிக் கடையில் தொங்கும் முதுகுத் துண்டைக் கவனித்தால், கொழுப்புக்கு நடுவே ஒரு மெல்லிய கோடு தெரியும். வெளி அடுக்கும் உள் அடுக்கும் அங்கே பிரிகின்றன.

செய்முறைத் தேர்வில் மெழுகு ஸ்லைடு வந்தால் வெறும் ஓட்டைகளே தெரியும், பதப்படுத்தும் திரவங்களில் கொழுப்பு கரைந்துபோயிருக்கும். நுரையீரல் என்று எழுதிவிடாதீர்கள். ஓரத்தில் ஒட்டிய தட்டை உட்கருவைத் தேடுங்கள். கொழுப்பையே பார்க்க உறைய வைத்த சீவலும் கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயமும் வேண்டும்.