இரண்டாம் முறை கேட்ட கேள்வி

"கொஞ்சம் பெரிசா யோசிங்க சார்." ஓய்வுக்காலத் திட்டம் போட என்னிடம் வந்த ஒருவரிடம் நான் சொன்னது இந்த நான்கு சொற்கள்தான். இதில் பொய் இல்லை, ஆசை காட்டும் வார்த்தையும் இல்லை. ஆனாலும் அவருடைய கோப்பைத் திறக்கும்போதெல்லாம் இவைதான் முதலில் காதில் விழுகின்றன.

ஓய்வுக்காலத் திட்டம் போட வருகிறவர்களிடம் வரவு செலவைக் கேட்பதற்கு முன் ஒன்று கேட்பது வழக்கம். அமெரிக்க நிதித் திட்டமிடல் ஆலோசகர் ஜார்ஜ் கிண்டர் பரப்பிய மூன்று கேள்விகளில் அது முதலாவது: ஆயுசுக்கும் போதுமான பணம் இப்போதே உங்களிடம் இருந்தால் எப்படி வாழ்வீர்கள், எதை மாற்றுவீர்கள்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த அரை நிமிட மௌனத்தைத் தாங்கப் பழகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அவருக்கு அரை நிமிடம் தேவைப்படவில்லை. "பெரிசா எதுவும் மாறாது சார். இதே வீடுதான். வேலைக்கு வேணா வாரத்துல ஒரு நாள் குறைச்சுப் போவேன்." அதையே படிவத்தில் பென்சிலால் ஒரு வரியாக எழுதினார். கீழே பதினோரு வரிகள் காலியாகக் கிடந்தன. அந்தக் காலியிடத்தைப் பார்த்துத்தான் பெரிசா யோசிக்கச் சொன்னேனோ என்று இப்போது தோன்றுகிறது.

என் பக்கமும் நியாயம் உண்டு. கிடைக்காது என்று தெரிந்ததை வேண்டாம் என்று சொல்லிப் பழகிப்போன மனங்கள் ஏராளம். எட்டாத பழம் புளிக்கும். இல்லாமைக்கு ஏற்ப ஆசைகளும் சுருங்கிவிடும் என்பதால், ஒருவர் திருப்தியாக இருக்கிறார் என்பதை மட்டும் வைத்து அவர் வாழ்வை அளக்க முடியாது என்று அமர்த்தியா சென் வாதிட்டிருக்கிறார். முதல் பதிலை அப்படியே வாங்கிக்கொள்ளும் ஆலோசகர், எதிரில் இருப்பவரின் கூச்சத்தையே திட்டமாக்கிவிடும் ஆபத்தும் உண்டு.

தவிர, போதும் என்கிற வாழ்க்கைக்கும் ஒரு தொகை வேண்டும். 'போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்பார்கள். மருந்து சரி, அளவு எவ்வளவு? அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் அமெரிக்கச் சந்தையின் பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்தார். பங்கும் அரசுக் கடன் பத்திரமும் கலந்த சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு அந்தத் தொகையை விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டே போனால், எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும் 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் தாங்கியிருக்கும். அதைத் திருப்பிப் போட்டால் ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு. அவருடைய மாதச் செலவை 100 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,200, இலக்கு 30,000. இதுவும் இன்றைய விலையில்தான். பணவீக்கம் 6 சதவீதமாக இருந்தால் 12 ஆண்டில் இலக்கும் இரட்டிப்பாகும். ஓய்வு பெற்ற முதல் ஆண்டிலேயே சந்தை சரிந்தால் இன்னும் மோசம்: 1,000 வைத்திருப்பவர் 40 எடுத்த பிறகு மீதி 30 சதவீதம் விழுந்தால் 672தான் நிற்கும். விலைவாசிக்கேற்ப அடுத்த ஆண்டு எடுக்கவேண்டிய 42, அதில் 6 சதவீதத்துக்கும் மேல். வேறு நாட்டுச் சந்தைக்கு 4 சதவீதமே அதிகம் என்று ஆகலாம்.

ஆக, பெரிதாக யோசிக்கச் சொன்னதில் பாதுகாப்பும் இருந்தது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்புதான் நோக்கம் என்றால் கேட்டிருக்க வேண்டியவை வேறு: மருத்துவக் காப்பீடு எவ்வளவு, ஆறு மாதச் செலவு தனியாக இருக்கிறதா, ஓய்வுக்குப் பிறகு எத்தனை ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டோம். நான் கேட்டது கனவை.

அடுத்த சந்திப்புக்கு இரண்டாவது தாளோடு வந்தார். பன்னிரண்டு வரியும் நிரம்பியிருந்தது. பெரிய வீடு, ஊருக்கு வெளியே இன்னொரு வீடு, நல்ல கார், ஆண்டுக்கொரு வெளிநாட்டுப் பயணம். இத்தகைய பட்டியல்களில் எல்லோரும் செய்யும் பிழையே அதிலும் இருந்தது: வாங்கும் விலை இருந்தது, வைத்துக் காப்பாற்றும் செலவு இல்லை. வீட்டுப் பராமரிப்புக்கு ஆண்டுக்கு மதிப்பில் 1 சதவீதம் என்பது தோராயக் கணக்கு. அதாவது 100க்கு வாங்கும் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு 25 சும்மா கிடக்க வேண்டும், கூரைக்கும் குழாய்க்கும் சுண்ணாம்புக்கும் மட்டும். வரியும் காப்பீடும் காவலுக்கு ஆளும் தனி. மாதச் செலவில் 1 கூடினால் இலக்கில் 300 கூடும் என்பதை ஒருமுறை போட்டுக் காட்டினால் பலர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். அவர் வைக்கவில்லை. நான்தான் உற்சாகமாகக் கூட்டிக்கொண்டிருந்தேனே.

மாதத் தேவை 100இலிருந்து 180 ஆனது. இலக்கு 30,000இலிருந்து 54,000, வீடு கார் விலை நீங்கலாக.

இங்கேதான் மாட்டியது. சம்பளம் 150, செலவு 100, சேமிப்பு 50. ஐந்து நாள் வேலையில் ஒரு நாளைக் குறைத்தால் சம்பளத்தில் 30 போகும். செலவு குறையாது என்பதால் வெட்டு முழுக்கச் சேமிப்பின் மேல் விழும். 50 இருந்த இடத்தில் 20. கையிருப்போடு சேர்த்துப் பார்த்தால் முதல் தாளுக்கு அந்த 20 ஈடுகொடுத்தது. இரண்டாம் தாளுக்கு 50கூடப் போதவில்லை. பணம் இருந்தால் செய்வேன் என்று அவராக வாய்விட்டுச் சொன்ன ஒரே விஷயம் அந்த ஒரு நாள். நான் போட்ட திட்டத்தில் முதலில் அடிபட்டது அதுதான். "பரவாயில்ல சார், பின்னாடி பாத்துக்கலாம்" என்றார்.

எனக்குக் கிடைக்கும் கட்டணம் நிர்வகிக்கும் தொகையில் இத்தனை சதவீதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று அது மனதில் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

பணம் வந்தாலும் மகிழ்ச்சி கூடாது என்று ஆய்வைக் காட்டி ஆறுதல் தேடவும் வழியில்லை. 1978இல் உளவியலாளர் பிரிக்மேன் குழுவினர் 22 லாட்டரி வெற்றியாளர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டு, மகிழ்ச்சியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் கிடைக்கும் இன்பம் குறைவாகவே இருக்கிறது என்றார்கள். வகுப்புகளில் இதைத்தான் சொல்லிவந்தேன். 22 பேர்! ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான லாட்டரி வெற்றியாளர்களைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில், பெரிய பரிசு பெற்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுகளுக்குப் பிறகும் கூடுதலாகவே இருந்தது. ஆக, பெரிய வீடு அவருக்கு உண்மையிலேயே நிறைவு தரலாம். அந்த ஒரு நாளும் தரலாம். எது அதிகம் தரும் என்று எந்த அட்டவணையிலும் இல்லை.

அதற்குப் பிறகு யாரிடமும் இரண்டாம் முறை கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். போன வாரம் ஒரு இளம் தம்பதி "இருக்கிறதே போதும் சார்" என்றார்கள். அவர்களிடம் காப்பீடே இல்லை. மறுபடியும் கேட்டேன், கேட்காமல் எப்படி விடுவது?

அவருடைய வருடாந்தரப் பரிசீலனை அடுத்த மாதம். கோப்பில் இரண்டு தாள்களும் இருக்கின்றன, பென்சில் எழுத்து லேசாக மங்கியிருக்கிறது. மென்பொருளில் இலக்குக்கு ஒரே ஒரு கட்டம்தான். இப்போது அதில் 54,000 இருக்கிறது. எதையும் மாற்றாமல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். எதை முதலில் நகர்த்துவது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.