பால்காரச் சிறுவனின் தாமதம்

ஆகஸ்ட் 25-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குத் திருச்சியிலிருந்து கிளம்பினோம். எங்கள் பங்குக் கோயிலிலிருந்து இருபத்தாறு பேர். காவி உடை, கழுத்தில் ஜெபமாலை, முன்னால் மாதா சொரூபம் வைத்த சின்னச் சப்பரம். தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிக்குக் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். 29-ஆம் தேதி மாலை திருவிழாக் கொடியேற்றத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மகனுக்கு உடம்பு தேறியதற்காக நான் செய்திருந்த நேர்ச்சை அது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் எதிர்வீட்டு அம்மா பேங்க் பாரம் ஒன்றோடு வாசலில் வந்து நின்றார். "கொஞ்சம் நிரப்பிக் குடும்மா, கண்ணு சரியாத் தெரியல." மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்ததும் முதல் வேலை அதுதாம்மா" என்றேன். "சரி, எனக்கும் வேண்டிக்க" என்று பாரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

முதல் இரண்டு நாள் உற்சாகத்திலேயே போனது. செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர் எல்லாம் பாட்டும் ஜெபமுமாகக் கடந்தோம். வழியெல்லாம் யாராவது எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அம்மாப்பேட்டைக்கு முன்னால் ஒரு வீட்டு வாசலில் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் மோர். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டிருந்தார்கள். நெற்றி நிறைய திருநீறு பூசிய ஒருவர் ஒவ்வொரு டம்ளராக மொண்டு, "குடிங்க, இன்னும் கொஞ்சம் குடிங்க" என்று கையில் வைத்தார். அவர் பிள்ளைகள் காலி டம்ளர்களைக் கழுவிக் கழுவி அடுக்கினார்கள். வருஷா வருஷம் செய்கிறார்களாம்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. நீடாமங்கலத்தை நெருங்கும்போது வெயில் ஏறிவிட்டது. ஒரு மதகுக் கட்டையில் வேறு குழுவைச் சேர்ந்த பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். குதிகால் முழுக்கக் கொப்புளம், ஒன்று உடைந்து தோல் உரிந்து தொங்கியது. "ஏம்மா, தண்ணி இருக்குதா?" என்றார். என் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார். எங்கள் சப்பரம் அதற்குள் வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது. "பின்னாடி வண்டி வரும் தாத்தா, ஏறிக்குங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய்க் குழுவோடு சேர்ந்துகொண்டேன்.

அப்போது நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது ஜெபமாலையில் தியானிக்கும் மகிழ்ச்சி மறைஉண்மைகளில் இரண்டாவது, மரியா எலிசபெத்தைச் சந்தித்தது. வயிற்றில் குழந்தையைச் சுமந்துகொண்டு யூதேயா மலைநாட்டுக்கு விரைந்து போனார், ஏறக்குறைய மூன்று மாதம் உறவுக்காரியோடு தங்கினார் என்கிறது லூக்கா நற்செய்தி. அதைச் சொல்லிக்கொண்டேதான் பெரியவரை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பத்து ஜெபமணிகள் உருண்ட பிறகுதான் அது உறைத்தது. திரும்பிப் பார்த்தேன், மதகு தெரியவில்லை. திரும்பிப் போகவும் இல்லை.

மறுநாள் கொரடாச்சேரியைத் தாண்டியதும் என் கால் விட்டுவிட்டது. அடி எடுத்து வைத்தால் உச்சந்தலை வரை சுரீர் என்றது. குழுவை முன்னால் போகச் சொல்லிவிட்டு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். காலை ஏழு மணி இருக்கும், கடையில் நல்ல கூட்டம். வடை போட்டுக்கொண்டிருந்த அக்கா என் காலைப் பார்த்தார். எண்ணெய்ச் சட்டியை இறக்கினார். "கொஞ்ச நேரம் பொறுங்கண்ணே" என்று நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, அதே அடுப்பில் வெந்நீர் வைத்தார்.

ஒரு பேசினில் உப்புப் போட்டு என் கால்களை அதற்குள் வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்துகொண்டார். கூச்சத்தில் காலை இழுத்தேன். "சும்மா இரு தங்கச்சி" என்று கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். விரல் இடுக்கில் இருந்த மண்ணைக்கூட ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தார். முந்தானையால் துடைத்தார், தேங்காயெண்ணெய் தடவினார், பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதற்குள் வந்தவர்களில் பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அன்றாடம் வடை விற்றுச் சாப்பிடுகிறவருக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிய காசு! கொடுத்த பணத்தை வாங்கவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. வலியினால் இல்லை.

யாயிர் என்பவரின் மகள் சாகக் கிடந்தபோது இயேசு அவசரமாகத்தான் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் பன்னிரண்டு ஆண்டு நோயாளியான ஒரு பெண் அவர் உடையைத் தொட்டாள். சீடர்கள் நகர்ந்தால் போதும் என்று நினைத்த இடத்தில் அவர் நின்றார். அவள் தன் கதையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். ஞாயிறு பூசையில் எத்தனையோ முறை கேட்ட பகுதி. அந்த டீக்கடை பெஞ்சில்தான் எனக்கு அது புரிந்தது.

மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. திருவாரூர், கீழ்வேளூர், சிக்கல். 29-ஆம் தேதி கொடி ஏறியபோது நான் நாகப்பட்டினத்தில்தான் இருந்தேன். இரவு வெகுநேரம் கழித்துத்தான் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தேன்.

விடிந்ததும் மாதா குளத்துக்குப் போனேன். கோயிலிலிருந்து அந்த மணல் பாதையில் பலர் முழங்காலிலேயே நகர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டில் அங்கேதான் ஒரு பால்காரச் சிறுவன் இளைப்பாறினானாம். நாகப்பட்டினத்துக்கு முதலாளி வீட்டுப் பால் கொண்டுபோகிறவன். கையில் குழந்தையோடு வந்த தாய் பால் கேட்டார், கொடுத்தான். போய்ச் சேர நேரமாகிவிட்டது, பாலும் குறைவு. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு மூடியைத் திறந்தால் பால் பொங்கி வழிந்ததாம். அதற்கு அப்புறம் நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமான பையனிடமும் தாய் ஒரு குவளை மோர்தான் கேட்டார். 1962-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் பசிலிக்காவாக உயர்த்திய கோயிலுக்கு ஆரம்பம், வேலைக்கு நடுவே கேட்டதைக் கொடுத்த இரண்டு பிள்ளைகள். சின்ன வயதிலிருந்து அந்தப் பால் பொங்கியதை மட்டுமே நினைத்து வந்திருக்கிறேன். அவன் தாமதமாய்ப் போனதை அன்றுதான் நினைத்தேன்.

மதகில் உட்கார்ந்திருந்த பெரியவரை அங்கே கூட்டத்தில் தேடினேன். கிடைக்கவில்லை. அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

ஊர் திரும்பிய அன்றே, பையைக்கூடப் பிரிக்காமல், எதிர்வீட்டுக்குப் போனேன். அம்மா தலையணைக்கு அடியிலிருந்து பாரத்தை எடுத்தார். மடிப்பு நைந்துபோயிருந்தது. பெயர், முகவரி, கணக்கு எண் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். நாமினி பெயர் எழுதும் இடம் வந்ததும் பாஸ்புக்கைப் பார்த்தேன். அதில் இறந்துபோன அவர் வீட்டுக்காரர் பெயர்தான் இருந்தது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருந்தார். பேனாவை மூடி வைத்தேன்.

"அவரைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றேன்.