பிடிமண் போடப் போக முடியாத பாட்டுக்காரர்

தகப்பன் இறந்த செய்தி வருகிறது. போனால் விமான நிலையத்திலேயே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். துருக்கியின் றொக் பாடகர் ஜெம் கராஜாவுக்கு ஜேர்மனியில் நேர்ந்தது இதுதான். துருக்கியில் இறந்தவரைப் புதைக்கும் கபுறுக்குள் ஆண்கள் முறைவைத்து மண்வெட்டியால் மண் தள்ளுவார்கள். அந்த வரிசையில் மகன் இல்லையென்றால் எல்லார் கண்ணிலும் படும். ஊரில் தாய்க்கும் தகப்பனுக்கும் கொள்ளி வைப்பதைத் திரையில் பார்த்து அழுத, புலம்பெயர்ந்த ஈழத்தமிழரான எங்கள் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

1945-ல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். தகப்பன் மெஹ்மெத் கராஜா, தாய் தோத்தோ கராஜா, இருவரும் நாடகமேடைக்காரர்கள், தாய் ஆர்மீனியர். 1967-ல் நாட்டார் கவி எம்ராவின் வரிகளைக் கித்தாரோடு பாடி ‘தங்க மைக்’ போட்டியில் இரண்டாமிடம் பெற்றார். அடுத்த வருடமே ஜேர்மனியின் பெர்டி கிளைன் வாத்தியக் குழுவோடு சேர்ந்து இசைத்தட்டு போட்டார். அப்போது விருந்தாளி. 1979-ல் மறுபடி போனபோதும் திரும்பி வருகிற எண்ணம்தான். 1980 செப்டெம்பர் 12 அன்று இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தொழிலாளர் பக்கம் நின்று மேதினப் பாட்டுப் பாடியவர் பெயரில் பிடியாணை பிறந்தது. 1983-ல் குடியுரிமையையும் பறித்தார்கள். அதே வருடம் ஆடிக் கலவரத்தில் இலங்கையில் எங்களுக்கு நடந்ததும், அதன் பிறகு எத்தனை பேர் அதே ஜேர்மனியில் போய் இறங்கினோம் என்பதும் தெரிந்த கதை. வெண்டிக்காயும் பச்சை மிளகாயும் தேடி நாங்கள் முதலில் ஏறிய கடைகள் துருக்கியருடையவை.

அவர் அங்கே நன்றாகக் காலூன்றிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மேடை கிடைத்தது, கேட்க ஆள் இருந்தது. ஆனால் 1980-ல் போட்ட தட்டின் பெயர் ‘ஹஸ்ரெத்’, அதாவது ஏக்கம். 1982-ல் ‘பெக்லே பெனி’, எனக்காகக் காத்திரு. ஊரோடு ஒட்டிவிட்டவர் வைக்கிற பெயர்களா இவை?

1984-ல் முழுக்க ஜேர்மன் மொழியில் ‘டி கனாக்கன்’ வந்தது. வெளிநாட்டுக்காரரைத் தெருவில் திட்டுகிற வசவையே தட்டின் முகப்பில் போட்டார். அதில், வேலையாட்களைக் கூப்பிட்டார்கள், வந்து சேர்ந்ததோ மனிதர்கள் என்று ஒரு பாட்டு. சுவிஸ் எழுத்தாளர் மாக்ஸ் பிரிஷ் 1965-ல் எழுதியதன் எதிரொலி அது. ஜேர்மனியும் துருக்கியும் செய்த 1961 ஒக்டோபர் 30 ஒப்பந்தத்தின்படி வேலைக்கு ஆள் எடுத்தபோது இஸ்தான்புல் அலுவலகத்தில் வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லையும் பார்த்துத்தான் முனிக் ரயிலில் ஏற்றினார்கள். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாட்டு வேறுமாதிரி உறைக்கும்.

இந்தத் தட்டைப் பலர் ‘குரல் இருக்கிறது, கராஜா இல்லை’ என்று ஒதுக்குவது எனக்கு ஆறாத மனத்தாங்கல். குறை இருக்கிறது, ஆனால் காரணம் அவருடைய சோம்பலில்லை. துருக்கி நாட்டார் பாட்டு அசை எண்ணுவது: அடிக்குப் பதினொன்று, பெரும்பாலும் 6+5 அல்லது 4+4+3. எந்த அசையையும் இழுக்கலாம், வினைவிகுதியே இயைபு தந்துவிடும். ஜேர்மன் பாட்டு அழுத்தம் எண்ணுவது. இழுக்கக்கூடாத அசையை இழுத்தால் சொல் உடையும். அதனால் அவர் இழுவையை விட்டுவிட்டு, தாய் தகப்பனிடம் பார்த்த மேடைப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். பாதி பாட்டு, பாதி வசனம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

வாத்தியத்திலும் இதே சிக்கல். துருக்கியரின் நாட்டார் தந்தி வாத்தியமான பாக்லாமாவுக்கு ஏழு தந்தி, மூன்று கட்டாக. கழுத்தில் நைலோன் நூலால் கட்டிய ஸ்வரக் கட்டைகள் (ஃபிரெட்) ஒரு ஸ்தாயிக்குப் பதினேழு வரை, நகர்த்தவும் முடியும். கித்தாரில் பன்னிரண்டுதான், அடித்து இறுக்கியவை. பி-க்கும் பி-பிளாட்டுக்கும் நடுவே நிற்கும் ஸ்வரத்தைப் பாக்லாமா பிடிக்கும்போது கித்தார் ஜி மேஜர் கோர்ட் போட்டால் காது கூசும். ஹார்மோனியத்தில் கமகம் தேடியவர்களுக்குத் தெரிந்த சங்கடம். கோர்ட்டின் மூன்றாம் ஸ்வரமான பி-யை விட்டுவிட்டு ஜி-யும் டி-யும் மட்டும் அடிப்பது ஒரு வழி. எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பது இன்னொரு வழி. தாளம் ஒன்பதென்றால் தக தக தக தகிட. மும்மூன்றாக எண்ணும் டிரம்காரர் முதல் சுற்றிலேயே விழுவார்.

ஜேர்மன் தட்டைப் பற்றிப் பேசினாலும் மனம் 1975-க்கே ஓடுகிறது. ‘தமிர்ஜி சிராஹி’ என்ற பாட்டு: கார் திருத்தும் கராஜில் வேலை பழகும் பையன், கார் திருத்தக் கொண்டுவரும் பணக்காரப் பெண்ணில் மயங்குகிறான். நீ தொழிலாளி, தொழிலாளியாகவே இரு என்று மேஸ்திரி வேலை உடுப்பைப் போடச் சொல்கிறார். ஜேர்மனியைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஆனால் அங்கிருந்த ஆலைத் தொழிலாளிக்கு அதில் தன் முகம் தெரிந்திருக்கும்.

1987-ல் பிரதமர் துர்குத் ஓசால் வழிவிட, ஊர் திரும்பினார். வரவேற்பும் கிடைத்தது, வசவும் கிடைத்தது. ஓசாலோடு கைகுலுக்கியதற்காகப் பழைய தோழர்களில் சிலர் ‘கட்சி மாறி’ என்று ஏசினார்கள். அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேர் ஜேர்மன் பனியில் நின்று தகப்பனின் சாவைக் கேள்விப்பட்டவர்கள்? திரும்பியதும் போட்ட தட்டில் இளைஞர்களுக்கும், என்றும் இளைஞராயிருப்பவர்களுக்கும் வணக்கம் சொன்னார். 2004 பெப்ரவரி 8 அன்று இறந்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் ‘டி கனாக்கன்’ தட்டில் தொடங்க வேண்டாம். கராஜ் பையனை முதலில் கேளுங்கள், பிறகு ‘ஹஸ்ரெத்’, அதற்குப் பிறகு ஜேர்மன் தட்டு. வரிசை மாறினால் நீங்களும் அதை ஒதுக்கிவிடுவீர்கள்.